பெரிய டர்போ மாட்டிய பிறகு கொண்டை ஊசி வளைவில் சுணக்கம்: லாக் (இன்ஜின் எண்களின் பதிவு) பார்த்துச் சொல்லுங்கள்

நாமக்கல்_ஆர்எஸ்

வணக்கம் நண்பர்களே. வண்டி 2018 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2 லிட்டர் டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), 6 கியர் டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக்). கம்பெனிக் கணக்கில் 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர். நான்கு மாதம் முன்பு கம்பெனி டர்போவை (புகையால் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது), அதாவது ஐஎஸ்20-ஐக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரிய ஐஎஸ்38 மாட்டினேன். கூடவே பெரிய இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), ரீமேப் (இன்ஜின் கணினியில் உள்ள மேப்பை, அதாவது கணக்கை, மாற்றி எழுதுவது). வேலை நடந்தது வெளியூரில், இடத்தின் பெயர் வேண்டாம்.

டைனோ (இன்ஜின் சக்தியை அளக்கும் மேடை) காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நான்குவழிச் சாலையில் 4000 ஆர்பிஎம் தாண்டினால் சிரிப்பு தானாக வருகிறது. பிரச்சினை கொல்லிமலையில்தான். காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி. ஒவ்வொன்றிலும் இரண்டாம் கியரில் 2000 பக்கம் இறங்கி, திரும்பி முடித்து மிதித்தால் வண்டி ஒன்றும் செய்வதில்லை. ‘ஒன்று… இரண்டு…’ என்று எண்ணலாம். அப்புறம் முதுகில் அறைந்த மாதிரி மொத்தமாக வருகிறது, அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. பழைய டர்போவில் இப்படி இல்லை. போன ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், “என்ன மாப்பிள்ளை, வண்டி யோசித்துவிட்டுத்தான் போகுமா?” என்று கேட்டுவிட்டார்.

பூஸ்டை (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை) கூட்டச் சொல்லலாமா? பெடல் பாக்ஸ் போடலாமா? இன்டர்கூலர் பெரிதாகிவிட்டதா?

ஜிடி_மதுரை

அண்ணா, பெடல் பாக்ஸ் போட்டுப் பாருங்கள். என் போலோவில் போட்டேன், லேசாகத் தொட்டாலே பாய்கிறது. செலவும் குறைவு.

ஸ்டாக்கே_சுகம்

கம்பெனிக்காரன் 1500 ஆர்பிஎம்மிலிருந்தே 350 கொடுத்திருந்தான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு இப்போது எங்கே போயிற்று என்று தேடுகிறோம். வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஓவர்லேப்

பெடல் பாக்ஸ் வேண்டாம். அது இன்ஜினை எதுவும் செய்வதில்லை. நீங்கள் 40 சதவீதம் மிதித்ததை 70 என்று இன்ஜினுக்குப் பொய் சொல்கிறது, அவ்வளவுதான். மதுரைத் தம்பிக்குப் பாய்கிற மாதிரி இருப்பதற்குக் காரணம், கொடுக்க வேண்டியதை எல்லாம் பெடலின் முதல் பாதியிலேயே கொடுத்துவிடுவது. பின் பாதியில் கையிருப்பு இல்லை. நாமக்கல் நண்பர் ஏற்கெனவே முழுசாக மிதிக்கிறார். 100-ஐ 100 என்று சொல்ல எதற்குப் பெட்டி?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ‘டர்போ லேக்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்று வாசல். ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்குக் கீழே புகைக்காற்றே போதாது, ஒரு மணி நேரம் மிதித்துக்கொண்டு நின்றாலும் முழு பூஸ்ட் வராது. இன்னொன்று சுணக்கம். வாசலைத் தாண்டிய ஆர்பிஎம்மில் இருந்தும், மிதித்ததற்கும் பூஸ்ட் வந்து சேர்வதற்கும் இடையில் ஆகிற நேரம். முன்னதற்கு டர்போவின் அளவு முக்கியக் காரணம், கியரை மாற்றித் தப்பிக்கலாம். பின்னதற்கு ஆயிரம் காரணம், பாதிக்கு மேல் சரிசெய்யக் கூடியவை. உங்களுக்கு எது என்று தெரியாமல் மேப்பில் கை வைத்தால் குருடன் யானையைத் தடவின கதைதான்.

ஆகவே லாக் போடுங்கள், லேக் தானாகத் தெரியும். மூன்றாம் கியர், மேனுவல் மோட், 1800-இல் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்து 6000 வரை விடுங்கள். அப்புறம் இன்னொரு ஓட்டம்: 3000-இல் சீராக நிறுத்தி, சட்டென்று மிதியுங்கள். பெடலின் கடைசியில் ஒரு ‘டிக்’ இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். தாண்டினால் மேனுவல் மோடிலும் டிஎஸ்ஜி கீழ் கியருக்குப் போய் ஓட்டத்தைக் கெடுத்துவிடும். கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், வேஸ்ட்கேட் (மிஞ்சின புகையை டர்போவுக்குப் போகாமல் வெளியே விடும் கதவு) கேட்ட நிலை, உண்மை நிலை, உள்காற்று வெப்பம், நான்கு சிலிண்டரின் டைமிங் பின்வாங்கல் (ஸ்பார்க்கை எவ்வளவு தாமதப்படுத்துகிறது), த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் கதவு) திறப்பு. இவ்வளவு போதும். காலி சாலையில், பக்கத்தில் ஒருவர் லேப்டாப் பார்க்க, நீங்கள் சாலை பார்க்க.

டீசல்_தாத்தா

தம்பி, நான் ஓய்வு பெற்றவன். முப்பது வருடம் லாரி இன்ஜின் டெஸ்ட் பெட்டில் நின்றவன். பெட்ரோல் எனக்குச் சித்தி வீடு மாதிரி, அவ்வளவு உரிமை கிடையாது. ஆனால் சக்கரம் சக்கரம்தான்.

டர்போ சக்கரத்தை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் 10 சதவீதம் பெரிதாக்கினால், அதைச் சுழற்றிவிட வேண்டிய நிலைமம் 10 சதவீதம் கூடாது. விட்டத்தின் ஐந்தாம் அடுக்காகக் கூடும். 1.1-ஐ ஐந்து முறை பெருக்குங்கள்: 1.61. அறுபத்தொரு சதவீதம் அதிகம். நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போக வேண்டிய பொருளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எனவே பெரிய டர்போவில் கொஞ்சம் சுணக்கம் வந்தே தீரும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்கிற இரண்டு எண்ணிக்கை எனக்கு அதிகமாகப் படுகிறது.

எழுபதுகளிலேயே இந்தச் சண்டை நடந்து முடிந்தது. 1975-இல் வந்த போர்ஷே 911 டர்போ மேலே பேய் மாதிரி இழுக்கும், கீழே தூங்கும். அந்தப் பத்தாண்டின் கடைசியில் சாப் 99 டர்போ வந்தது. அவர்கள் சின்ன டர்போவை வைத்து, மிஞ்சின புகையை வேஸ்ட்கேட் வழியே வெளியே விட்டார்கள். உச்ச சக்தியை விட நடுவில் கிடைக்கிற இழுவைதான் சாலைக்கு வேண்டும் என்று முடிவு செய்தவர்கள். இன்று நீங்கள் ஓட்டுகிற எல்லா டிஎஸ்ஐயும் அந்த வழியில் வந்த பிள்ளைகள்.

நாமக்கல்_ஆர்எஸ்

லாக் எடுத்துவிட்டேன். இணைப்பைத் திறக்க முடியவில்லை என்று ஒருவர் தனிச் செய்தியில் சொன்னதால் முக்கியமான எண்களை இங்கேயே எழுதுகிறேன். எல்லாம் மில்லிபார், மூன்றாம் கியர்.

2000-இல் கேட்டது 1750, வந்தது 1310. 2500-இல் கேட்டது 2150, வந்தது 1620. 3000-இல் கேட்டது 2350, வந்தது 1950. 3500-இல் 2300. 3900-இல்தான் கேட்டதும் வந்ததும் ஒன்றாகிறது, 2450 பக்கம். அதற்கு மேல் கோடு கோடாக ஒட்டிக்கொண்டு போகிறது.

வேஸ்ட்கேட்: முழுசாக மூடு என்று 100 கேட்கிறது, உண்மை நிலை 91-ஐத் தாண்டவே இல்லை. உள்காற்று 52 டிகிரியில் ஆரம்பித்து 61-இல் முடிகிறது. டைமிங் பின்வாங்கல் இரண்டாம் சிலிண்டரில் அதிகபட்சம் 4.5 டிகிரி, மற்றதில் 3 பக்கம். 3000-இல் சட்டென்று மிதித்த ஓட்டத்தில் 2300-ஐத் தொட 1.9 நொடி.

2450 என்றால் 2.45 பார் பூஸ்ட்டா? கொஞ்சம் பயமாக இருக்கிறது.

ஓவர்லேப்

பயம் வேண்டாம். அது வெளிக்காற்றையும் சேர்த்த எண். 1000 கழித்தால் 1.45 பார் பூஸ்ட், சுமார் 21 பிஎஸ்ஐ. இந்த டர்போவுக்கு அது சாதாரணம்.

இப்போது லாக். இதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 3900-க்கு மேல் எல்லாம் ஒழுங்காக இருப்பது. அதுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது, டைனோ போட்டவரையும் ஏமாற்றியிருக்கிறது.

காற்றுக் குழாயில் எங்கோ ஒரு சின்னக் கசிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓட்டை வழியே போகிற காற்று, உள்ளே உள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. இன்ஜின் 2000-இல் ஓடுகிறதா 6000-இல் ஓடுகிறதா என்பது ஓட்டைக்குத் தெரியாது. ஆனால் அதே அழுத்தத்தில் இன்ஜின் குடிக்கிற காற்று 6000-இல் மூன்று மடங்கு. ஆகவே மேலே அந்தக் கசிவு மொத்தக் காற்றில் ஒரு துளி. டர்போ இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றி ஈடுகட்டிவிடும், உச்ச சக்தி காகிதத்தில் அப்படியே அழகாக வரும். கீழே, டர்போ ஏற்கெனவே திணறுகிற இடத்தில், அதே கசிவு பெரிய பங்கைத் தின்றுவிடும். வேஸ்ட்கேட் முழுசாக மூடாததும் இப்படித்தான். மேலே எப்படியும் திறக்கத்தான் போகிறது, அங்கே ஒன்றும் தெரியாது. கீழே ஒவ்வொரு சொட்டுப் புகையும் டர்பைனுக்கு (டர்போவில் புகை சுழற்றும் சக்கரம்) வேண்டியிருக்கும்போது கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தால் எப்படிச் சுற்றும்?

91 என்கிற அந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த இன்ஜினில் வேஸ்ட்கேட்டை அசைப்பது மின்மோட்டார். டர்போவை மாற்றினால் அந்தக் கதவை இழுக்கும் ராடின் நீளத்தைச் சரிசெய்து, மூடிய நிலை எது, திறந்த நிலை எது என்று இசியூவுக்கு (இன்ஜின் கணினிக்கு) புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். இரும்பு வேலை முடியும்வரை மேப்பை யாரும் தொட வேண்டாம்.

கரி_கார்னர்

உள்ளே வருகிறேன். நான் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே ஓட்டுகிறவன். இன்டர்கூலர் மேல் சந்தேகம் வேண்டாமா? பெரிய இன்டர்கூலர் என்றால் நிரப்ப வேண்டிய இடம் அதிகம், அதனால் பூஸ்ட் தாமதம் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

ஓவர்லேப்

எல்லோரும் சொல்கிறார்கள், யாரும் கணக்குப் போடுவதில்லை. பெரிய இன்டர்கூலரால் உள் கொள்ளளவு 3 லிட்டர் கூடிவிட்டது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதை 1.2 பார் பூஸ்ட்டுக்கு நிரப்ப வெளிக்காற்று 3.6 லிட்டர் கூடுதலாக வேண்டும். 2 லிட்டர் இன்ஜின் 2500 ஆர்பிஎம்மில் நொடிக்கு 40 லிட்டர் சொச்சம் குடிக்கிறது. நிரம்ப ஆகிற நேரம் பத்தில் ஒரு பங்கு நொடிக்குள். நாமக்கல் நண்பர் எண்ணினது இரண்டு நொடி.

டீசல்_தாத்தா

ஒரு திருத்தம். இன்ஜின் குடித்தது போக மிஞ்சினதுதான் இன்டர்கூலரை நிரப்பும். முழு 40 லிட்டரும் அதற்குக் கிடைக்காது. ஆகவே உங்கள் பத்தில் ஒரு பங்கை இரண்டு மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஓவர்லேப்

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். கால் நொடி என்று வைத்துக்கொண்டாலும் முதல் குற்றவாளி அது இல்லை. நம் ஊர் வெயிலில் அதைக் கழற்றவும் சொல்லமாட்டேன். 40 டிகிரிக் காற்றை 2.2 மடங்குக்கு அழுத்தினால், கம்ப்ரஸர் (டர்போவில் காற்றை அழுத்தும் சக்கரம்) 70 சதவீதத் திறனில் வேலை செய்தாலும் வெளியே வருவது 150 டிகிரி. அந்தச் சூடு அப்படியே உள்ளே போனால் நாக் (பெட்ரோல் சீராக எரியாமல் தானாக வெடிப்பது), நாக் வந்தால் டைமிங் பின்வாங்கும், டைமிங் போனால் டார்க் போயிற்று. இவர் வண்டியில் 61-இல் நிற்கிறது என்றால் இன்டர்கூலர் தன் வேலையைச் செய்கிறது.

நாமக்கல்_ஆர்எஸ்

சுவாரஸ்யமான விஷயம் நடந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டர்போ மாட்டிய இடத்துக்குப் போன் செய்தேன். “அதெல்லாம் ஆட்டோமேட்டிக்காக அடாப்ட் ஆகிவிடும் சார்” என்றார்கள். அதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. எங்கள் ஊரில் காருக்கு ஆள் தேடுவதுதான் கஷ்டம், டர்போவுக்கு ஆள் தெருவுக்கு நான்கு பேர். லாரி ஊர் இது. பைபாஸ் பக்கம் ஒரு பட்டறை அண்ணன், வயது அறுபது இருக்கும். பானெட்டைத் திறக்கச் சொல்லி, பத்து விநாடி ரெவ் கொடுக்கச் சொன்னார். காது கொடுத்துக் கேட்டார். “விசில் சுத்தமா இல்ல தம்பி, நடுவுல ஒரு ‘உஸ்’ இருக்கு. காத்து போகுது.”

பிவிசி பைப் மூடி ஒன்றை எடுத்தார். நடுவில் துளை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வைச் சொருகினார். டர்போவின் காற்று வாயில் அந்த மூடியை வைத்து ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினார். இன்ஜினிலிருந்து வருகிற பிரீதர் குழாயைத் தனியாக அடைத்தார், இல்லையென்றால் காற்று ஆயில் சம்ப்புக்குள் போய் சீல்களைத் தள்ளிவிடுமாம். பட்டறைக் காற்று கம்ப்ரஸரிலிருந்து மெதுவாக 15 பிஎஸ்ஐ. அப்புறம் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டை அரை மக்கு தண்ணீரில் கலக்கி, பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவிக்கொண்டே வந்தார். மேலே எல்லாம் சுத்தம். கீழே, இன்டர்கூலரின் அடிப்பக்க ஹோஸ் மூட்டில், கோழிமுட்டை அளவுக்கு நுரை பொங்கியது. கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால் இன்டர்கூலர் வாயில் உள்ள விளிம்பின் மேலேயே கோணலாக உட்கார வைத்து இறுக்கியிருக்கிறார்கள். ரப்பரில் கிளிப்பின் அச்சு நிலாப்பிறை மாதிரி பதிந்திருந்தது. ஹோஸ் நல்லதுதான், கிளிப்பும் நல்லதுதான். ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, புதுக் கிளிப் போட்டார்.

“இதுக்கா நாலு மாசம் அலைஞ்சே?” என்று கேட்டார். கூலியாக டீக்காசு மாதிரி ஏதோ வாங்கிக்கொண்டார்.

வேஸ்ட்கேட் வேலை மறுநாள் சேலத்தில் ஒரு தெரிந்தவரிடம். ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்கேனரில் மூடிய நிலையின் வோல்ட்டேஜைப் பார்த்துக்கொண்டே கால் திருகு கால் திருகாக நீளத்தைச் சரிசெய்து, நட்டை இறுக்கி, அடாப்டேஷன் ஓட்டினார். இறுக்கும்போது எண் லேசாக நகர்ந்துவிடும் என்று மூன்று முறை திரும்பத் திரும்பச் செய்தார். ‘ஆட்டோமேட்டிக்காக’ ஆகவில்லை.

புது லாக்: 2500-இல் 1860. 3000-இல் 2210. 3350-இல் கேட்டதை எட்டிவிட்டது. 3000-இல் சட்டென்று மிதித்தால் 1.1 நொடி. மேப்பில் ஒரு எழுத்தைக் கூட மாற்றவில்லை.

ஜிடி_மதுரை

ஷாம்பு எந்த பிராண்ட் அண்ணா 😀

கரி_கார்னர்

1.9-இலிருந்து 1.1! டிராக்கில் ஒவ்வொரு கார்னரிலும் 0.8 நொடிக்கு முழு இழுவை என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இதற்கு மேல் வேண்டுமென்றால் ரேலி கார் மாதிரி ஆன்டி-லேக் போட்டுவிடலாமே?

ஓவர்லேப்

வேண்டவே வேண்டாம். ஆன்டி-லேக் என்பது காலை எடுத்த பிறகும் பெட்ரோலையும் காற்றையும் உள்ளே விட்டு, டர்பைன் வாசலிலேயே எரிய வைப்பது. பட் பட் என்று சத்தம் கேட்க நன்றாக இருக்கும். அந்த நெருப்பில் டர்பைனும் மேனிஃபோல்டும் எத்தனை நாள் தாங்கும்? ரேலி டீமுக்கு டர்போ ஒரு செலவுப் பொருள். டொயோட்டா செலிகா ஜிடி-ஃபோர் எஸ்டி205 தொழிற்சாலையிலிருந்தே அந்தச் சாமான்களோடு வந்தது, ஆனால் சாலைக் காரில் அதை இயங்காமல்தான் விட்டிருந்தார்கள். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே இருக்கிறது, சுற்றிலும் கூலன்ட் ஓடுகிறது. அங்கே நெருப்பு வளர்க்க நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

சுணக்கத்தை ஒழிக்கக் கம்பெனிகளே படாத பாடு பட்டிருக்கின்றன. 1985-இல் லான்சியா டெல்டா எஸ்4 சூப்பர்சார்ஜர், டர்போ இரண்டையும் ஒரே இன்ஜினில் வைத்தது. நம் ஆர்எஸ்ஸின் தம்பி, 2010-இல் ஐரோப்பாவில் வந்த ஃபேபியா ஆர்எஸ், 1.4 லிட்டரில் அதே கூட்டணியோடு 180 பிஎஸ் கொடுத்தது. இப்போது மெர்சிடீஸ் ஏஎம்ஜி சி43-இல் டர்போவின் தண்டிலேயே மெல்லிய மின்மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. புகைக்காகக் காத்திருக்காமல் மின்சாரமே சுழற்றிவிடும். உண்மையான மருந்து அதுதான். நமக்குக் கட்டுப்படியாகாது.

நாமக்கல்_ஆர்எஸ்

இப்போது மேப். ரீமேப் செய்தவர், 2000-இலேயே 2100 மில்லிபார் கேட்க வைக்கிறேன், ராக்கெட் மாதிரி இருக்கும் என்கிறார். செய்யலாமா?

டீசல்_தாத்தா

செய்யாதீர்கள். பெட்ரோல் எனக்குச் சித்தி வீடு என்றேன், ஆனால் இந்த இடத்தில் கத்திச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோலில், குறைந்த ஆர்பிஎம்மில் அதிகச் சுமை கொடுத்தால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு வியாதி உண்டு. எல்எஸ்பிஐ என்பார்கள். சாதாரண நாக் என்றால் சென்சார் கேட்டு டைமிங்கைக் குறைத்துவிடும். இது ஸ்பார்க்குக்கே காத்திருப்பதில்லை என்பதால் டைமிங்கைக் குறைத்து என்ன பயன்? ஒரே ஒரு அடியில் பிஸ்டனின் ரிங் மேடு உடையும், கனெக்டிங் ராடு வளையும். இதற்காகவே 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்று ஆயில் தரத்தையே புதிதாக எழுதினார்கள். ஆறாம் கியரில் 1600-இல் போய்க்கொண்டிருக்கும்போது முழுசாக மிதிக்கிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

ஓவர்லேப்

ஐயா சொன்னதோடு இன்னொன்று. ஐஎஸ்38-இன் கம்ப்ரஸர் பெரியது. குறைந்த காற்றோட்டத்தில் அதிக அழுத்தம் கேட்டால் காற்று தள்ளிக்கொண்டு பின்னாலேயே திரும்பும், சர்ஜ். பெடலை முழுசாக மிதித்திருக்கும்போதே புறா குமுறுகிற மாதிரி சத்தம் கேட்டால் அதுதான். 2000-இல் 2100 என்பது அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்பது. தவிர, இப்போதே 2000-இல் கேட்டதை டர்போவால் கொடுக்க முடியவில்லை. கொடுக்க முடியாதவனிடம் இன்னும் அதிகம் கேட்டால் கிடைத்துவிடுமா?

பூஸ்டைக் கேட்பதை விட, டர்பைனுக்குப் புகையை அதிகமாகக் கொடுப்பதுதான் வழி. 2000 முதல் 3000 வரை, மிதித்த அந்த முதல் ஒரு நொடிக்கு மட்டும், இரண்டு விஷயம். ஒன்று கேம் (வால்வைத் திறந்து மூடும் தண்டு). உள் வால்வும் வெளி வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிற ஓவர்லேப்பைக் கொஞ்சம் கூட்டினால் (என் பெயர்க்காரணம் இப்போது புரிந்திருக்கும்), உள்ளே உள்ள அழுத்தம் வெளியே உள்ளதை விட அதிகமாக இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் புதுக்காற்று சிலிண்டரைக் கழுவிக்கொண்டு நேராக எக்ஸாஸ்டுக்குப் போகும். டர்பைனுக்குக் காற்று அதிகம், சிலிண்டரில் பழைய சூட்டுப் புகை குறைவு, நாக்கும் குறைவு. நேரடி இன்ஜெக்‌ஷன் என்பதால் வெளி வால்வு மூடிய பிறகு பெட்ரோல் தெளித்தால் போதும், அது வீணாகாது. இந்த இன்ஜினின் எக்ஸாஸ்ட் கேமில் இரண்டு உயரம் இருக்கிறது. கீழ் ஆர்பிஎம்மில் சின்ன உயரத்துக்கு மாறி வால்வைத் தாமதமாகத் திறக்கும். பக்கத்து சிலிண்டரின் புகை வந்து இந்தக் கழுவலைக் கெடுக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பெரும்பாலான ரீமேப்புகளில் பூஸ்ட், டைமிங் டேபிள் தவிர இதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. ஆனால் அதிகமானால் வினைமாற்றியில் (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) காற்றும் பெட்ரோலும் சேர்ந்து எரிந்து அது உருகும், அளவோடுதான்.

இரண்டாவது, அதே ஒரு நொடிக்கு ஸ்பார்க்கைச் சில டிகிரி தாமதப்படுத்துவது. எரிவது தாமதமானால் சூடு பிஸ்டனுக்குப் போகாமல் டர்பைனுக்குப் போகும். அந்தக் கணத்து டார்க்கைக் கொஞ்சம் கடன் கொடுத்து, அடுத்த கணத்தில் வட்டியோடு வாங்குவது. பூஸ்ட் ஏறியதும் டைமிங்கைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும்.

அப்புறம் பெட்ரோல். டைனோவில் என்ன போட்டார்கள்? மலைக்குப் போகும்போது என்ன போடுகிறீர்கள்? 4.5 டிகிரி பின்வாங்கலுக்கு எனக்கு அங்கேதான் சந்தேகம்.

நாமக்கல்_ஆர்எஸ்

டைனோவில் 100 ஆக்டேன் (நாக்கைத் தாங்கும் தர எண்) பெட்ரோல். நான் வழியில் கிடைத்ததைப் போடுவேன். சாதாரண 91-தான்.

ஸ்டாக்கே_சுகம்

😶

ஓவர்லேப்

சிரிக்காதீர்கள், பாதிப் பேர் இப்படித்தான். 100-க்கு எழுதின மேப்பில் 91 ஊற்றினால் நாக் சென்சார்தான் வண்டியை ஓட்டும். 95-க்கு என்று மேப் எழுதச் சொல்லி 95 மட்டும் போடுங்கள். 100 எல்லா ஊரிலும் கிடைக்காது, விலையும் கையைக் கடிக்கும். எத்தனால் 20 சதவீதம் கலந்ததைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நாக் விஷயத்தில் எத்தனால் நல்ல பிள்ளைதான். ஆனால் சரியான கலவை விகிதம் 14.7-இலிருந்து 13.5 பக்கம் இறங்கிவிடும், இன்ஜெக்டரும் பம்ப்பும் அதிகம் கொடுக்க வேண்டும். லாக்கில் ஃப்யூயல் ரெயில் அழுத்தம் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கரி_கார்னர்

மேப் வரும்வரை கால் வைத்தியம் ஒன்று. 2000-க்கு இறங்காதீர்கள். கொண்டை ஊசிக்கு முன்பே முதல் கியருக்கு வாருங்கள், அல்லது இரண்டாம் கியரில் 2800-க்குக் கீழே போகாதபடி அகலமாகத் திரும்புங்கள். எதிரே பஸ் வரவில்லை என்று தெரிந்தால் மட்டும். திரும்பி முடித்த பிறகு மிதிப்பதற்குப் பதில் வளைவின் நடுவிலேயே கால்வாசி மிதித்துப் பிடியுங்கள், டர்போ விழித்துக்கொள்ளும். ரேலிக்காரர்கள் மாதிரி இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்சிலரேட்டர் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்த வண்டிகளில் இரண்டையும் சேர்த்து மிதித்தால் இசியூ த்ராட்டிலை மூடிவிடும். எனக்கு டிராக்கில் நடந்து, பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார்.

நாமக்கல்_ஆர்எஸ்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மேப் வேறு ஒருவரிடம் எழுதினேன், 95 ஆக்டேனுக்கு. 2000-இல் கேட்பதைக் குறைத்து 1600 ஆக்கினார், ஏன் குறைக்கிறீர்கள் என்று நானே சண்டை போட்டேன். கேம் டேபிளையும், ஏறும் நேரத்து டைமிங்கையும் தொட்டார். உச்ச பூஸ்டிலும் 100 மில்லிபார் வெட்டிவிட்டார்.

சட்டென்று மிதிக்கிற ஓட்டம் இப்போது 0.8 நொடி. டைமிங் பின்வாங்கல் 1.5-க்குள். டைனோவில் உச்ச சக்தி முன்பு இருந்ததை விட 14 பிஎஸ் குறைவு. அந்தக் காகிதத்தை மச்சானிடம் காட்டவில்லை.

நேற்று காலை ஆறு மணிக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினேன். முதல் நாற்பது வளைவு வரை எண்ணவே தோன்றவில்லை, மிதித்தால் வருகிறது. ஐம்பதுக்கு மேல் கொஞ்சம் மந்தமாகிற மாதிரி இருந்தது. சோளக்காட்டில் நிறுத்தி லாக் பார்த்தேன், உள்காற்று 58-தான். அப்புறம் ஏன்?

டீசல்_தாத்தா

மலை ஏறியிருக்கிறீர்களே தம்பி. அடிவாரத்தில் காற்றழுத்தம் 980 பக்கம் என்றால் அங்கே மேலே 880 பக்கம் இருக்கும். இசியூ கேட்பது மொத்த அழுத்தத்தை. 2350 கேட்டால் கீழே கம்ப்ரஸர் 2.4 மடங்கு அழுத்தினால் போதும், மேலே 2.7 மடங்கு வேண்டும். கூடவே டர்போ எழும்புவதற்கு முந்தைய இன்ஜினும் மெல்லிய காற்றில் பத்து சதவீதம் பலவீனம், அதனால் புகையும் குறைவு. ஊட்டி போனால் இன்னும் தெரியும். அது பழுது இல்லை.

நாமக்கல்_ஆர்எஸ்

நன்றி ஐயா. இறங்கும்போது பட்டறை அண்ணனைப் பார்த்து, ஒரு ரவுண்டு உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி பானெட்டைத் திறக்கச் சொல்லி, அந்தக் கிளிப்பை மட்டும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இருக்கு” என்றார்.

ஜிடி_மதுரை

அண்ணா, கழற்றின ஐஎஸ்20 விற்பீர்களா?

நாமக்கல்_ஆர்எஸ்

இல்லை தம்பி. பெட்டியில் போட்டு பரணில் வைத்திருக்கிறேன். ஊட்டி போய்விட்டு வந்து சொல்கிறேன்.